இலத்திரனியல் இசையும் இசைஞரின் சீவனமும்

கலையைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞரைப் பார்த்து நமது சமூகம் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுண்டு: "இதனை நம்பிச் சீவிக்க முடியுமா?" பெற்றோர் இதனைக் கவலையோடு கேட்கின்றனர். ஆசிரியராகிய நாமோ சிலவேளைகளில் ஏளனத்தோடு கேட்டுவிடுகிறோம். கேட்பவர் யாராயினும், விடை அவ்விளைஞரின் திறமையிலேயே தங்கியுள்ளது என்ற எண்ணம் கேள்விக்குள் மறைந்து கிடக்கின்றது. திறமையுள்ளோர் முன்னுக்கு வருவர், அஃதில்லாதோர் பின்தங்குவர் என்பது பொதுவாக நிலவும் நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யானது என்பதைச் சோதித்தறிய, வரலாறு குறுகியதும் சான்றுகள் தெளிவானதுமாகிய ஒரு கலைத்துறையை எடுத்து நோக்குவது பயனுடைத்து. அத்தகைய துறைகளுள் ஒன்று இலத்திரனியல் இசை.

நரம்புக் கருவி, துளைக் கருவி, தோற் கருவி, கஞ்சக் கருவி என்று நம் முன்னோர் இசைக் கருவிகளை வகுத்தனர். இவ்வகுப்புகளுள் எதிலும் அடங்காது, மின்னலைகளை ஒலியாக மாற்றியும், பதிவு செய்த ஒலியை வெட்டி ஒட்டியும், பின்னாளிற் கணினியைக் கொண்டும் ஆக்கப்படுவதே இலத்திரனியல் இசை. இரண்டாவது உலகப் போரின் பின்னரே இது ஐரோப்பாவில் நிலைபெற்றது. 1948இற் பாரிஸ் வானொலியிற் பியர் ஷெஃபர் பதிவு செய்த ஒலிகளைக் கொண்டு இசை ஆக்கத் தொடங்கினார். 1951இல் ஜேர்மனியின் கொலோன் வானொலி தனியான கலையகம் ஒன்றை நிறுவிற்று. இவ்விரண்டும் வானொலி நிலையங்கள் என்பது கவனத்துக்குரியது. அலையியற்றிகளும் ஒலிநாடாப் பொறிகளும் அக்காலத்தில் ஒரு தனிமனிதர் விலைகொடுத்து வாங்கக்கூடியவையாக இருக்கவில்லை. வயலின் வாசிப்பவர் தமக்கென ஒரு வயலினை வைத்திருக்கலாம். இலத்திரனியல் இசைஞரோ தம் கருவிக்காக ஒரு பெரும் தாபனத்தின் வாயிலிலே நிற்கவேண்டியிருந்தது. இசைஞரின் சீவனம் பற்றிய வரலாறு இவ்வாயிலிலிருந்தே தொடங்குகின்றது.

*

டஃப்னி ஒராம் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1925ஆம் ஆண்டிற் பிறந்தவர். றோயல் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தும் அதனை விடுத்து, 1943இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையிற் பி.பி.ஸி. எனப்படும் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் ஒலிப் பொறியியற் பணிக்குச் சேர்ந்தார். றோயல் அல்பேட் மண்டபத்திலிருந்து இசை நிகழ்ச்சிகள் நேரடியாக ஒலிபரப்பப்படும்போது, அதே இசையின் இசைத்தட்டை உடனுக்குடன் ஓடவிட்டுக் காத்திருப்பது அவருடைய கடமைகளுள் ஒன்று. குண்டுவீச்சினால் நிகழ்ச்சி தடைப்பட்டால் நேயர் அறியாதவாறு இசைத்தட்டுக்கு மாற வேண்டும். மெய்யான இசைக்கும் பதிவான இசைக்கும் இடையிலுள்ள எல்லை எவ்வளவு மெல்லியது என்பதை அவர் இப்பணியிலே கண்டிருத்தல் வேண்டும்.

1949ஆம் ஆண்டளவில் அவர் இரு வாத்தியக் குழுக்களையும், இசைத்தட்டுச் சுழலிகளையும், ஒலிவாங்கிகளையும் ஒருங்கிணைத்து ஓர் ஆக்கத்தை எழுதினார். "ஸ்ரில் பொயின்ற்" என்பது அதன் பெயர். கூட்டுத்தாபனம் அதனை ஏற்கவில்லை. அவ்வாக்கம் 2018ஆம் ஆண்டில் அதே றோயல் அல்பேட் மண்டபத்தில் இசைக்கப்பட்டது. அப்போது ஒராம் இறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

மறுப்பினால் அவர் மனந்தளரவில்லை. இரவில் மற்றையோர் வீடு சென்றபின், பல அறைகளிலிருந்த ஒலிநாடாப் பொறிகளை ஓரிடத்துக்கு உருட்டிவந்து, விடியுமட்டும் பரிசோதனைகள் நடத்திவிட்டு, காலையில் அவற்றை மீண்டும் உரிய இடங்களிற் கொண்டுபோய் வைப்பார். 1957இல் "அம்ஃபிற்றியன் 38" என்ற நாடகத்துக்கு இலத்திரனியல் இசை அமைத்தார். இம்முயற்சிகளினதும், ஒத்த எண்ணமுடைய சக ஊழியர் டெஸ்மண்ட் பிறிஸ்கோ முதலியோரினது இடைவிடாத வற்புறுத்தலினதும் பயனாக 1958 ஏப்பிரிலில் இலண்டன் மைடா வேல் கட்டிடத்தின் 13ஆம் இலக்க அறையில் "றேடியோபோனிக் பட்டறை" தொடங்கப்பட்டது.

பட்டறை என்ற சொல் தற்செயலானதன்று. கொலோனில் நிறுவப்பட்டது இசைக் கலையகம். அங்கே ஆக்கம் செய்தோர் இசையமைப்பாளர் என மதிக்கப்பட்டனர். ஸ்ரொக்ஹவுசனின் பெயர் உலகெங்கும் பரவியது அவ்வாறே. இலண்டனில் நிறுவப்பட்டதோ நாடகங்களுக்கும் உரைச்சித்திரங்களுக்கும் ஒலி வழங்கும் ஒரு சேவைப் பிரிவு. அங்கே பணியாற்றியோர் ஊழியர். அவர்கள் ஆக்கியவை 'விசேட ஒலிகள்'. ஒரே காலத்தில், ஒரேவகைக் கருவிகளைக் கொண்டு, ஒரேவகை உழைப்பைச் செலுத்தியோருள் ஒருவர் கலைஞர் எனவும் மற்றவர் உத்தியோகத்தர் எனவும் கணிக்கப்பட்டனர். இவ்வேறுபாட்டைத் தீர்மானித்தது திறமையன்று; தாபனத்தின் அமைப்பேயாகும்.

அதே ஆண்டு ஒக்ரோபரில் பிறஸல்ஸ் உலகப் பொருட்காட்சியையொட்டி நடைபெற்ற பரிசோதனை இசை மாநாட்டுக்கு ஒராம் சென்றார். ஏனைய நாட்டு இசைஞர் தத்தம் ஆக்கங்களை அரங்கேற்றுவதைக் கேட்டுத் திரும்பியவருக்குப் பட்டறையின் எல்லைகள் பொறுக்கவொண்ணாதவையாயின. 1959 சனவரியில் அவர் பதவி விலகினார். கென்ற் மாநிலத்தில், முன்னர் பியர் வடிப்புக்குரிய ஹொப் மலர்களை உலர்த்தும் சூளையாயிருந்த ஒரு பழைய கட்டிடத்திற் சொந்தக் கலையகம் அமைத்தார்.

அவர் அங்கே உருவாக்கிய கருவி வியப்புக்குரியது. பத்துத் திரைப்படச் சுருள் நாடாக்கள் ஒருங்கே ஓடும். அவற்றின்மீது இசைஞர் தம் கையாலேயே கோடுகளையும் வடிவங்களையும் வரைவார். ஒளி அவ்வடிவங்களினூடாகச் சென்று ஒளிமின்கலங்களிற் படும்போது, வரைந்தவாறே சுரமும் உரப்பும் ஏறி இறங்கும். வாத்தியக்காரரோ பொறியியலாளரோ இடையில் நில்லாது, எண்ணியது நேரே ஒலியாக வேண்டும் என்பது அவர் குறிக்கோள். கணினித் திரையில் விரலால் அலைவடிவம் தீட்டும் இன்றைய முறையின் முன்னோடி இது எனலாம்.

கருவி கைக்கு வந்தது, சீவனம் வந்ததா? குல்பெங்கியன் நிதியம் 1962இலும் 1965இலும் நன்கொடை அளித்தது. அது கருவியை அமைக்கவே உதவிற்று. அன்றாடச் செலவுக்கு விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் நாடகங்களுக்கும் ஒலி அமைத்தார், விரிவுரைகள் நிகழ்த்தினார். கூட்டுத்தாபனத்தில் எந்தச் சேவைத் தொழிலை விட்டு விலகினாரோ, அதே தொழிலைச் சந்தையிலே, நிச்சயமான சம்பளமின்றிச் செய்ய நேர்ந்தது. தம் கருவியிற் செலவிடவேண்டிய பொழுதைக் கருவியைக் காப்பாற்றுவதிற் செலவிட்டார். 1972இல் இசை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1990களில் நோயுற்றுத் தொழிலினின்றும் ஒதுங்கி, 2003இற் காலமானார். அவருடைய கருவி 2011இல் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது.

*

தாபனத்தை விட்டு வெளியேறியவரின் கதை இது. தாபனத்துள்ளே இருந்தவரின் கதை யாது?

டெலியா டாபிஷயர் 1937இற் கொவென்றி நகரிற் பிறந்தவர். 1940 நவம்பரில் அந்நகர் ஜேர்மன் குண்டுகளால் நாசமாயிற்று. விமான அபாயச் சங்கொலியே தாம் இளமையிற் கேட்ட முதல் இலத்திரனியல் இசை என அவர் பிற்காலத்திற் கூறியதுண்டு. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணிதமும் இசையும் பயின்று 1959இற் பட்டம் பெற்றார். டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்திற் பெண்களை அமர்த்துவதில்லை என்று விடை கிடைத்தது. 1960இற் பி.பி.ஸி.யிற் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1962இல், தாமே விரும்பி, றேடியோபோனிக் பட்டறைக்குச் சென்றார்.

1963 நவம்பர் 23ஆம் நாள் "டொக்டர் ஹூ" என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அதன் தொடக்க இசையை எழுதியவர் றொன் கிறெய்னர். அவர் கொடுத்தது ஓர் ஏட்டிலே குறித்த சுரங்களும் சில குறிப்புகளுமே. அதனை ஒலியாக்கும் பணி டாபிஷயரிடம் வந்தது. டிக் மில்ஸ் துணைபுரிந்தார். அக்காலத்தில் விசைப்பலகையுடைய ஒலியாக்கி அங்கே இல்லை. ஒரு நரம்பை மீட்டிய ஒலியைப் பதிவு செய்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய சுரங்களைப் பெறுவார். அலையியற்றியின் குமிழைக் கையாலே திருப்பி வழுக்கொலிகளைப் பிறப்பிப்பார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே சவரவலகினால் வெட்டி, அடுத்ததோடு ஒட்டுவார். நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுமாயின், அரைவிநாடிச் சுரம் ஏழரை அங்குலத் துண்டாகும். தாளம் இங்கே அடிமட்டத்தால் அளக்கப்பட்டது. பின்னர் பல நாடாக்களை வெவ்வேறு பொறிகளில் ஒரே கணத்தில் ஓடவிட்டு ஒன்றாக்கினர். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துக்காட்டத்தக்க உழைப்பு இது.

முடிந்த ஆக்கத்தைக் கேட்ட கிறெய்னர் இதனைத் தாமா எழுதினார் என்று வியந்தாராம். உரிமைப் பணத்திற் பாதியை டாபிஷயருக்கு வழங்க அவர் விரும்பினார். கூட்டுத்தாபனத்தின் விதி அதற்கு இடந்தரவில்லை. பட்டறையிலுள்ளோர் சம்பளம் பெறும் ஊழியர். அவர்கள் ஆக்குபவை தாபனத்துக்குரியவை. பெயரும் தாபனத்தின் பெயரே. ஆகவே திரையிற் கிறெய்னரின் பெயரும் பட்டறையின் பெயரும் தோன்றின. உலகின் பல நாடுகளில் இலட்சக்கணக்கானோர் பல்லாண்டுகளாகக் கேட்ட அவ்விசைக்கு டாபிஷயரின் பெயர் அத்தொடரின் திரையில் முதன்முதலாகத் தோன்றியது 2013இல், அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னராகும்.

அவர் அடங்கியிருக்கவுமில்லை. 1966இல் நண்பர்களோடு தனிக்குழு அமைத்தார். 1969இல் "வைற் நொயிஸ்" குழுவின் இசைத்தட்டில் முக்கிய பங்கெடுத்தார். பகலிற் தாபன வேலையும் இரவிற் சொந்த வேலையுமாக அவர் உழைப்பு இரட்டித்தது. 1973இற் பி.பி.ஸி.யை விட்டு நீங்கினார். பின்னர் எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலைத்தலத்தில் வானொலித் தொடர்பாளராகவும், கலைக்கூடத்திலும், புத்தகக் கடையிலும் வேலை செய்தார். 2001இல் அவர் இறந்தபின், வீட்டின் மேற்தட்டில் 267 ஒலிநாடாக்கள் காணப்பட்டன. அவை இன்று மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன.

இவ்விடத்தில் அவசர முடிவுக்கு வருதல் தகாது. பொதுத் தாபனமே குற்றவாளி, தனியார் துறையே கலைஞரை வாழவைக்கும் என்று வாதிப்போர் இவ்வரலாற்றைத் தமக்குச் சாதகமாகக் காட்டக்கூடும். உண்மை வேறு. டாபிஷயர் பெண் என்பதற்காகவே வாயிலை அடைத்தது தனியார் நிறுவனம். திறந்தது பொதுத் தாபனம். இலாபத்தை மட்டும் நோக்கும் எவரும் அன்று 13ஆம் அறையைத் திறந்திருக்கமாட்டார். ஆயின் பொதுப்பணத்தால் நடைபெறும் தாபனமும், தன் உள்ளமைப்பிற் கட்டளையிடுவோர், கட்டளைக்குப் பணிவோர் என்ற பிரிவினையைப் பேணுமாயின், உழைப்பின் பயனை உழைத்தவரிடமிருந்து பிரித்துவிடும். ஒராமுக்குக் கருவியும் பெயரும் இருந்தன, ஊதியம் இல்லை. டாபிஷயருக்கு ஊதியமும் கருவியும் இருந்தன, பெயர் இல்லை. மூன்றும் ஒருவரிடம் சேரவில்லை.

*

கருவிகள் மலிந்தால் இந்நிலை மாறும் என்று கருதுவோர் உளர். 1970களின் பிற்பகுதியில் அவை மலியத் தொடங்கின. அதனோடு புதியதொரு முரண்பாடும் தோன்றியது. பல வாத்தியக்காரரின் வேலையை ஒரு பொறி செய்யத் தொடங்கவே, பிரித்தானிய இசைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை 1982இல் ஒலியாக்கிகளையும் தாளப் பொறிகளையும் தடைசெய்யக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. தேசிய அளவில் அது சங்கத்தின் கொள்கையாகவில்லை. வேலையிழந்த வாத்தியக்காரரின் அச்சம் நியாயமானது. ஆனால் எதிரி பொறியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவுப் பொறிகளை உடைத்த தொழிலாளர் எதிர்கொண்ட அதே சிக்கல் இசைமண்டபத்திலும் தலைகாட்டிற்று. பொறியை வாசிப்போரும் தொழிலாளரே என்பதைச் சங்கம் ஏற்றுக்கொள்ளச் சில காலம் சென்றது.

மலிந்த கருவியைக் கொண்டு சொந்தக் காலில் நிற்க முயன்றோரைக் காண நாம் அமெரிக்காவின் டெற்றோயிற் நகருக்குச் செல்லவேண்டும். மோட்டார் வாகன உற்பத்தியால் வளர்ந்த அந்நகரின் சனத்தொகை 1950இற் பதினெட்டு இலட்சத்துக்கு மேல். 1980இற் பன்னிரண்டு இலட்சம். தொழிற்சாலைகள் வெளியேறின, வசதியுள்ள வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். எஞ்சிய தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகள் மனிதக் கைகளுக்குப் பதிலாக வந்தன. மனிதரை வெளியேற்றிய இயந்திரங்களின் நகரத்திற் கறுப்பின இளைஞர் சிலர் இயந்திரங்களைக் கொண்டே ஓர் இசையை ஆக்கினர். அதுவே பின்னர் "ரெக்னோ" எனப் பெயர் பெற்றது.

ஹுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் அந்நகருக்கு அருகிலுள்ள பெல்வில் என்னும் ஊரிற் பாடசாலைத் தோழர். யப்பானிய நிறுவனமாகிய றோலண்ட் 1980இல் வெளியிட்ட 808 என்னும் தாளப் பொறி, மெய்யான முரசுபோல் ஒலிக்கவில்லை என்று பலரால் ஒதுக்கப்பட்டு, 1983இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஒதுக்கப்பட்ட அத்தகைய பொறிகள் கைமாறிக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. பெரும் இசைத்தட்டு நிறுவனங்களின் வாயிலில் நில்லாது, அற்கின்ஸ் 1985இல் "மெற்றோபிளெக்ஸ்" என்ற சொந்த வெளியீட்டகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் மேயும் அதற்கடுத்த ஆண்டிற் சாண்டர்சனும் அவ்வாறே செய்தனர். படுக்கையறையில் ஆக்கம், உள்ளூர் ஆலையில் இசைத்தட்டு வார்ப்பு, தம் பெயரிலேயே வெளியீடு. ஒராமும் டாபிஷயரும் கனவு கண்ட நிலை இது எனலாம்.

எனினும் மூன்றாவது தடை எஞ்சியிருந்தது. அதுதான் சந்தை. 1988இற் பிரித்தானியாவில் வேர்ஜின் நிறுவனத்தின் கிளையொன்று டெற்றோயிற் இசைஞரின் ஆக்கங்களைத் தொகுத்து வெளியிட்டபோதே "ரெக்னோ" என்ற பெயர் உலகறிந்தது. சாண்டர்சனின் "பிக் ஃபன்" பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதற்பத்துக்குள் வந்தது. பேர்லின் மதில் வீழ்ந்தபின் அந்நகரின் கைவிடப்பட்ட கட்டிடங்களில் இவ்விசை புதுவாழ்வு பெற்றது. சொந்த நாட்டிலோ அது நெடுங்காலம் பெரிதும் அறியப்படாதிருந்தது. அந்த இசைஞர்கள் கடல்கடந்து வாசித்தே பிழைக்க நேர்ந்தது.

இதனை உணர்ந்து செயற்பட்டோர் "அண்டர்கிறவுண்ட் றெசிஸ்ரன்ஸ்" குழுவினர். மைக் பாங்ஸும் ஜெஃப் மில்ஸும் 1980களின் இறுதியில் இதனைத் தொடங்கினர். இவர்கள் வெளியீட்டோடு நில்லாது விநியோகத்தையும் தம் கையில் எடுத்து, நகரின் ஏனைய சிறு வெளியீட்டகங்களின் இசைத்தட்டுகளையும் சேர்த்து விற்றனர். படம் பிடிக்கப்படுவதை மறுத்து முகத்தை மறைத்தனர். டாபிஷயருக்குப் பெயரின்மை விதிக்கப்பட்டது. இவர்கள் முகமின்மையைத் தாமே தெரிந்தனர். உற்பத்தியும் விநியோகமும் தம்மிடம் இருந்தமையாலேயே இவர்களுக்கு அது இயன்றது.

அக்கூட்டு வலிமை சோதனைக்கும் உள்ளாயிற்று. 1999இற் குழுவினர் வெளியிட்ட "நைற்ஸ் ஒஃப் த ஜகுவார்" பெரும் புகழ் பெற்றபோது, ஜேர்மனியிற் சோனி நிறுவனம் குழுவின் இசைவின்றி அதன் மறுவடிவொன்றை வெளியிட முற்பட்டது. பல நாட்டு இரசிகர் திரண்டு கண்டித்தனர், சோனி பின்வாங்கியது. பின்னர் வேறொரு பெருநிறுவனம் அம்மறுவடிவைக் கையிலெடுத்தது என்பதையும் மறைத்தலாகாது. கூட்டு எதிர்ப்பு ஒரு நிறுவனத்தைத் தடுக்கலாம். சந்தையின் விதியை ஒரு நாளில் மாற்றிவிடாது.

*

இன்று 13ஆம் அறை முழுவதும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது. றேடியோபோனிக் பட்டறை 1998இல் மூடப்பட்டது. கிராமத்து மாணவர் ஒருவரும் தம் அறையிலிருந்து இசை ஆக்கி, அன்றே உலகுக்கு வெளியிடலாம். தம் பெயரையும் இடலாம். ஆயின் கேட்போரிடம் செல்லும் பாதை சில பெருநிறுவனங்களின் கையிலுள்ளது. அவற்றுள் ஒன்றாகிய ஸ்பொற்றிஃபை, ஓராண்டில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட இசைக்கு உரிமைப் பணம் இல்லை என்ற விதியை 2024இல் நடைமுறைப்படுத்தியது. தொகை தனித்தனியே சிறிது, கொள்கை சிறிதன்று. உழைப்புக்கு ஊதியம் உண்டா என்பதை உழைத்தவரோ கேட்டவரோ அன்றி, பாதையின் உடைமையாளர் தீர்மானிக்கிறார். ஒராமின் காலத்தில் வாயில் கருவிக்கு முன்னால் இருந்தது. இன்று அது கேட்போருக்கு முன்னால் நிற்கிறது.

ஆகவே "இதனை நம்பிச் சீவிக்க முடியுமா?" என்று இளைஞரை மட்டும் கேட்பது முறையன்று. ஒராமிடமும் டாபிஷயரிடமும் திறமை குறைவாக இருந்ததென எவரும் கூறார். கருவி யாருடையது, ஆக்கத்தின் உரிமை யாருடையது, கேட்போரிடம் செல்லும் வழி யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும்போதே விடை புலப்படும். இம்மூன்றும் தனிமனிதரின் விடாமுயற்சியால் மட்டும் தீர்வனவல்ல. டெற்றோயிற் இளைஞர் சிறிதளவேனும் நிமிர்ந்து நின்றது, ஒருவர் ஆக்கத்தை மற்றவர் விற்கவும், ஒருவர் உரிமைக்காகப் பலர் குரல்கொடுக்கவும் முன்வந்தமையாலாகும்.

நமது வகுப்பறைகளிலும் கணினியில் இசை அமைக்கும் மாணவர் இருக்கின்றனர். அவர்களைப் பரீட்சைக்குத் திருப்பும் அவசரத்தில் ஏளனம் செய்யாதிருப்போம். பொய்யான நம்பிக்கை ஊட்டவும் வேண்டாம். கருவியைப் பயிலும்போதே உரிமையையும் பயிலுமாறும், தனித்து நில்லாது சேர்ந்து நிற்குமாறும் அவர்களுக்கு எடுத்துரைப்போம். பாடசாலையின் ஓர் அறையையேனும் மாலையில் அவர்களுக்குத் திறந்துவிடுவோம். நள்ளிரவில் எவரும் அறியாமற் பொறிகளை உருட்டிச் சென்று, விடியுமுன் திருப்பி வைக்கவேண்டிய நிலை இன்னொருவருக்கு வரலாகாது.